வட்டமும் வம்சமும்

சேலம் ஜங்ஷனைச் சுற்றியுள்ள தெருக்களில் இருக்கும் சலூன்களில்தான் சூரமங்கலத்துப் புழுவெட்டு பெரும்பாலும் முதலில் கண்ணில் படுகிறது. பின்னந்தலையில் விழும் வட்டத்தை அதற்குரியவரால் பார்க்க முடியாது. முடி வெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டு, "அண்ணா, இங்க ஒரு ரூவா காசு அகலத்துக்கு முடி இல்லைங்க, பார்த்தீங்களா?" என்று இன்னொரு கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டுவார். கையோடு வைத்தியமும் சொல்லிவிடுவார்: சின்ன வெங்காயத்தை நறுக்கித் தேய்க்க வேண்டும். காரணமும் தயாராக இருக்கும்: தூங்கும்போது ஏதோ பூச்சி கடித்திருக்கும்.

பூச்சியும் இல்லை, புழுவும் இல்லை. அந்த இடத்துத் தோல் வழவழவென்று இருக்கும். செதில் இருக்காது, சீழ் இருக்காது, பெரும்பாலும் அரிப்பும் இருக்காது. வட்டத்தின் ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் சில நிற்கும். தோல் மருத்துவர்கள் அவற்றை ஆச்சரியக்குறி முடி என்பார்கள். சிலருக்கு நகங்களில் குண்டூசி குத்தினாற்போல் சிறு பள்ளங்கள் தெரியும். செதிலும் அரிப்பும் இருந்து முடி ஒடிந்திருந்தால், அதுவும் குழந்தையாக இருந்தால், அது பூஞ்சையால் வரும் படையாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. இந்த இரண்டையும் பிரித்தறியவாவது ஒருமுறை தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டிவிட வேண்டும்.

*

உள்ளே நடப்பது இது. வளர்ந்துகொண்டிருக்கும் முடியின் வேர்க்குமிழ், உடம்பின் காவல் அணுக்களுக்குத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. மற்ற செல்கள் மேற்பரப்பில் தாங்கி நிற்கும் அடையாளப் புரதங்களை இது பெரும்பாலும் அடக்கியே வைத்திருக்கிறது. கண்ணின் உட்பகுதிக்கும் இதைப் போன்ற சலுகை உண்டு. ஏதோ ஒரு கட்டத்தில் அந்த மறைப்பு விலகிவிடுகிறது. டி செல்கள் வேரைச் சூழ்ந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கின்றன. அதற்கு எதிர்வினையாக வேர்ப்பகுதி இன்டர்லூகின் 15 என்பதைச் சுரந்து இன்னும் டி செல்களை வரவழைக்கிறது. தாக்குதல் தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு போகிறது. நுண்ணோக்கியில் இதைப் பார்த்த மருத்துவர்கள் தேனீக்கள் மொய்ப்பதாக எழுதி வைத்தார்கள். பாடநூல்களில் இன்றும் அந்த வர்ணனைதான் இருக்கிறது.

நோயாளிக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வேர் சாவதில்லை. முடியை மறுபடி உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் தாக்குதல் நடக்கும் இடத்துக்குச் சற்று மேலே பத்திரமாக இருக்கின்றன. பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த இடத்திலும் முடி திரும்பி வந்ததுண்டு.

*

"எங்க வீட்டுல யாருக்கும் இப்படி இல்லைங்க." புழுவெட்டுக்காரர்கள் பெரும்பாலும் சொல்லும் பதில் இதுதான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும். அம்மாயிக்குத் தைராய்டு மாத்திரை உண்டா? சித்தப்பாவுக்குக் கையில் வெண்புள்ளி? அக்கா பிள்ளைக்குச் சின்ன வயதில் கரப்பான், மழைக்காலத்தில் இளைப்பு? பத்து வயதிலேயே இன்சுலின் போட ஆரம்பித்த பங்காளி வீட்டுப் பையன் உண்டா? காலையில் விரல் மடங்காமல் தவிக்கும் அத்தை? இவற்றில் ஏதாவது ஒன்று பல வீடுகளில் இருக்கும். ஒரே வீட்டில் ஓடும் இந்த நோய்களுக்கும் தலையில் விழுந்த வட்டத்துக்கும் உறவு இருக்கிறது.

1996இல் சண்டிகர் முதுநிலை மருத்துவ நிறுவனத்திலிருந்து 808 புழுவெட்டு நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. நம் நாட்டில் இந்த நோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். குடும்பத்தில் யாருக்கு இருந்தது, ஒவ்வாமை உண்டா, தைராய்டு உண்டா என்ற கேள்விகள் அப்போதே அந்தப் படிவங்களில் இடம்பெற்றிருந்தன. உள்ளூரில் வட்டத்தைப் பார்க்கிறோமே தவிர, கேள்விகளைக் கேட்பதில்லை.

*

2010இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆஞ்செலா கிறிஸ்டியானோ குழு, நேச்சர் இதழில் ஒரு மரபணு வரைபடத்தை வெளியிட்டது. கிறிஸ்டியானோவுக்கே புழுவெட்டு உண்டு. ஆராய்ச்சியாளராகத் தன் வேலையைத் தொடங்கிய காலத்தில் தலையில் வட்டம் விழ, தன் ஆய்வையே அதன் பக்கம் திருப்பியவர் அவர். முடிக்கென்றே உள்ள மரபணுக்களில்தான் கோளாறு இருக்கும் என்று நினைப்பதுதான் இயல்பு. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை நோய் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள். முதல் வகைச் சர்க்கரை நோய், முடக்குவாதம், கோதுமை ஒவ்வாத சீலியாக் குடல் நோய் ஆகியவற்றோடு இந்த நோய் பொதுவாகப் பகிர்ந்துகொள்கிற இடங்கள் அவை.

ஆக, முடி உதிர்வது இந்த நோய் வெளியே தெரியும் இடம் மட்டுமே. நோய் இருப்பது காவல் படையின் கணக்கில்.

*

"அப்படின்னா என் பிள்ளைக்கும் வருமா?" தாய்மார்கள் கேட்கிறார்கள். நேரான பதில் உண்டு. 2006இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வின்படி, புழுவெட்டு உள்ளவரின் பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 6 பேருக்கு வர வாய்ப்பு. மற்ற 94 பேருக்கு வராது. குடும்பம் எதுவாக இருந்தாலும் 100 பேரில் 2 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரக்கூடிய நோய் இது.

ஒரே கருவில் பிறந்த, மரபணு முழுக்க ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வருவது 42 முதல் 55 சதவீதம் என்று இரண்டு ஆய்வுகள் சொல்கின்றன. மரபணு ஒன்றாகவே இருந்தும் ஏறத்தாழ பாதிப் பேர் தப்பிக்கிறார்கள். குடும்பத்தில் வருவது சாய்வுதான், தீர்ப்பு அல்ல.

ஆகவே "பொண்ணு வகையறாவா, மாப்பிள்ளை வகையறாவா" என்ற விசாரணைக்கு இங்கே பொருளே இல்லை. பல மரபணுக்கள் இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து கூடினால்தான் இந்த நோய்க்கு இடம் கிடைக்கிறது.

*

வம்சத்தில் ஓடும் காவல் கோளாறு புழுவெட்டோடு நிற்பதில்லை. உடம்பின் காவலில் இரண்டு படைகள். ஒன்று, கிருமியை அடையாளம் கண்டு, நினைவில் வைத்து, குறிபார்த்து அடிப்பது. டி செல்லும் பி செல்லும் அதில் அடங்கும். இன்னொன்று பிறவியிலேயே தயாராக நிற்பது. ஆபத்து என்று பட்டதுமே காய்ச்சலும் வீக்கமும் கிளப்புவது. முதல் படை வழிதவறினால் புழுவெட்டு, தைராய்டு அழற்சி போன்றவை வருகின்றன. இரண்டாம் படை பிறவி மரபணுக் கோளாறால் காரணமின்றிக் கிளம்பினால், விட்டு விட்டு வரும் பரம்பரைக் காய்ச்சல் நோய்கள் வருகின்றன. இந்த இரண்டாம் கூட்டத்துக்குத் தனிப் பெயர் கொடுத்து அறிவியல் பிரித்ததே 1999இல்தான்.

அந்தக் கூட்டத்தில் மிகவும் அறியப்பட்டது மத்தியதரைக் கடல் பரம்பரைக் காய்ச்சல். துருக்கியர், ஆர்மீனியர், அரபியர், யூதர் நடுவே அதிகம். நம் ஊரில் மிக அரிது. திடீரென்று காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி, நெஞ்சுவலி, மூட்டு வீக்கம். ஒன்றிரண்டு நாளில் தானாகத் தணிந்து, சில வாரம் கழித்து மறுபடி. குடல்வால் என்று நினைத்து வயிற்றைத் திறந்துவிட்ட கதைகள் அந்த நாடுகளில் ஏராளம். வைத்தியமே பார்க்காமல் விட்டால் அமிலாய்டு என்ற புரதம் சிறுநீரகத்தில் படிந்து அதை அழித்துவிடும். 16ஆம் குரோமோசோமில் உள்ள எம்.ஈ.எஃப்.வி. மரபணுதான் காரணம் என்று 1997இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

இப்படியொரு தீமை தரும் மரபணு இத்தனை தலைமுறையாக ஏன் நிலைத்தது? 2020இல் ஒரு விடை வந்தது: இந்த மரபணு மாற்றமுள்ள அணுக்கள் பிளேக் கிருமியைக் கூடுதலாக எதிர்த்து நிற்கின்றன. பிளேக் நம் பக்கமும் ஆடிவிட்டுப் போன நோய்தான். கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்களே இருக்கின்றன. கொள்ளைநோயில் ஒரு குடும்பத்தைக் காத்த மரபணு, கொள்ளைநோய் போன பிறகு அதே குடும்பத்துக்குக் காய்ச்சலாக மிஞ்சியிருக்கலாம். பரம்பரையாக வரும் நோயை யாரோ செய்த பாவம் என்று பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

*

அந்தக் காய்ச்சலுக்கு மருந்து கோல்ச்சிசின். 1972இலிருந்து இன்றுவரை அதுதான் முதல் மருந்து. அந்த மருந்து விளைவது எங்கே? நம் பக்கத்துக் காட்டில். செங்காந்தள் என்று இலக்கியத்திலும், கண்வலிக்கிழங்கு என்று காட்டிலும் சொல்கிற செடி. தமிழ்நாட்டின் மாநில மலர். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் வறண்ட நிலத்தில் பந்தல் கட்டி வளர்க்கிறார்கள். காலை வேளையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். விதைதான் பணம். அதிலிருந்து கோல்ச்சிசின் எடுக்கக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். எங்கோ துருக்கியில் ஒரு பிள்ளையின் சிறுநீரகத்தைக் காக்கும் மாத்திரைக்கும் கொங்கு விவசாயியின் விரலுக்கும் இப்படி ஒரு தொடர்பு. இதை ஊரறியச் சொல்ல வேண்டும்.

*

அதே செடி தலைமுடியையும் உதிர்க்கும். 1966இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இலங்கை மருத்துவர் குணரத்ன ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்: கண்வலிக்கிழங்கு நஞ்சிலிருந்து பிழைத்தவர், பிறகு உடம்பு முழுக்க முடியை இழந்தார். வள்ளிக்கிழங்கு என்று தவறாகச் சமைத்துத் தின்று நஞ்சேறியவர்களைப் பற்றியும் இலங்கையிலிருந்து பதிவுகள் உண்டு.

காரணம் தெளிவானது. செல் இரண்டாகப் பிரியத் தேவையான நுண்குழாய்களைக் கோல்ச்சிசின் கட்டிப்போடுகிறது. வெள்ளணுக்கள் அழற்சி நடக்கும் இடத்துக்கு ஓடவும் அதே நுண்குழாய்கள்தான் வேண்டும். சிறு அளவில் வெள்ளணுவின் ஓட்டம் நின்று காய்ச்சல் அடங்குகிறது. அளவு மீறினால், வேகமாகப் பெருகும் முடிவேர் செல்கள் நின்றுபோய் முடி கொட்டுகிறது, எலும்பு மஜ்ஜையும் குடலும் சேர்ந்தே அடிபடுகின்றன. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. ஆகவே கிழங்கை அரைத்துத் தலையில் பூசச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் கேட்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

*

இரண்டு படைகளுக்கும் நடுவே உள்ள வேலி அப்படி ஒன்றும் உறுதியானதல்ல. இன்டர்லூகின் 1 என்பது காய்ச்சல் நோய்களின் மையப் பொருள். அதை அடக்கும் புரதத்தின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வடிவம் இருப்பவர்களுக்குப் புழுவெட்டு தீவிரமாக இருந்ததாக 1994இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது. புழுவெட்டுக்காரர்களிடம் எம்.ஈ.எஃப்.வி. மாற்றங்கள் உண்டா என்று துருக்கியில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அவை சிறிய ஆய்வுகள். அவற்றை வைத்து ஒரு நோய் மற்றதன் பிள்ளை என்று சொல்லிவிட முடியாது.

உறுதியான சான்று வேறு இடங்களில் இருக்கிறது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குப் புழுவெட்டு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இன்டர்ஃபெரானை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளின் மரபணுக்கள் நான்கு 21ஆம் குரோமோசோமில் இருக்கின்றன. அவர்களுக்கு அந்தக் குரோமோசோம் மூன்று. சமிக்ஞை கேட்கும் காது கூடுதலாக இருப்பதால் அழற்சியும் கூடுகிறது.

இன்னொன்று, அதே 21ஆம் குரோமோசோமில் உள்ள ஏர் என்ற மரபணு. நெஞ்சுக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பியில் டி செல்களுக்கு 'இது நம் உடம்பு, அடிக்காதே' என்று பாடம் நடத்துவது அது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் அந்தப் பாடம் நடப்பதில்லை. குழந்தைக்கு வாயில் தீராத பூஞ்சை, கால்சியம் குறைந்து கை கால் இழுப்பு, அட்ரீனல் சுரப்பி செயலிழப்பு. பலருக்குத் தலையில் புழுவெட்டும். இங்கே தலையில் விழுந்த வட்டம் உயிர் காக்கும் துப்பாகக்கூட ஆகலாம். வாய்ப்பூஞ்சையும் இழுப்பும் உள்ள குழந்தைக்கு முடியும் கொட்டினால், முடிக்கு மட்டும் தைலம் வாங்கிவிட்டு வீடு திரும்பக் கூடாது.

*

சொந்தத்தில் மணம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதம் பெண்கள் உறவுக்குள் மணந்தவர்கள். நாட்டின் சராசரி 11. சேலம், நாமக்கல் பக்கம் மாமன் மகளும் அக்கா மகளும் இன்றும் இயல்பான சம்பந்தம். யாரையும் குறைசொல்ல இதை எழுதவில்லை. இரண்டு பக்கமும் ஒரே பழுதான பிரதி சேர்ந்தால்தான் வரும் நோய்களுக்கு இது வழிவிடுகிறது என்பது உண்மை. வழக்கமான புழுவெட்டு அந்த வகை அல்ல. ஏர் மரபணு நோய் அந்த வகை.

இன்னொரு நோயும் அந்த வகைதான். பார்வைக்குப் புழுவெட்டின் உச்சக்கட்டம் போலவே இருக்கும். குழந்தை முடியோடு பிறக்கும். சில மாதங்களில் எல்லாம் கொட்டி, பிறகு முளைக்கவே முளைக்காது. 8ஆம் குரோமோசோமின் ஒரு மரபணுப் பழுது அது என்று 1998இல் ஒரு பாகிஸ்தானியக் குடும்பத்தை ஆராய்ந்து கண்டார்கள். அந்த ஆய்வும் கிறிஸ்டியானோ குழுவினுடையதுதான். இங்கே நோய் எதிர்ப்புக்கு வேலையே இல்லை. ஊசியும் மாத்திரையும் பயன் தராது. பல ஆண்டுகள் ஸ்டீராய்டு கொடுத்துக் குழந்தையை வாட்டுவதற்கு முன்னால் 'எந்த மாதத்தில் கொட்டியது, அப்புறம் ஒருமுறையாவது முளைத்ததா' என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

*

வெங்காயத்தைப் பற்றி. சூரமங்கலம் உழவர் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கி வந்து தேய்ப்பவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை. 2002இல் பாக்தாதில் மருத்துவர்கள் 23 பேருக்கு வெங்காயச் சாற்றைத் தினம் இருவேளை தடவிப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் 20 பேருக்கு முடி வந்தது. வெறும் தண்ணீர் தடவியவர்களில் வெகு சிலருக்கே வந்தது. ஆய்வு சின்னது. மேலும், ஓரிரு வட்டம் மட்டும் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை ஓராண்டுக்குள் தானாகவே முடி பெறுகிறார்கள். வெங்காயத்தால் வந்ததா, காலத்தால் வந்ததா என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. தோல் புண்ணாகும் அளவுக்குத் தேய்க்காதவரை தீங்கில்லை. வட்டம் பெருகினால், புருவமும் இமையும் கொட்டினால், பிடரியிலிருந்து காதோரமாகப் பட்டையாகப் பரவினால், வெங்காயத்தோடு நிற்பது தவறு.

*

மருத்துவரிடம் இருப்பவை: வட்டத்திலேயே போடும் ஸ்டீராய்டு ஊசி, பூச்சு, பரவலாக இருந்தால் வேண்டுமென்றே ஒவ்வாமை உண்டாக்கிக் காவல் அணுக்களின் கவனத்தைத் திருப்பும் பூச்சு, இப்போது ஜாக் தடுப்பு மாத்திரைகள். இன்டர்ஃபெரானும் இன்டர்லூகின் 15உம் செல்லுக்குள் செய்தி அனுப்பும் வழியை இந்த மாத்திரை அடைக்கிறது. 2014இல் எலிகளிலும் மூன்று நோயாளிகளிடமும் அது பலித்ததைக் காட்டியதும் கிறிஸ்டியானோ பங்குபெற்ற குழுதான். 2022 ஜூனில் பாரிசிட்டினிப் மாத்திரைக்குத் தீவிரப் புழுவெட்டுக்கென்றே அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2023இல் ரிட்லெசிட்டினிப், 2024இல் டியூருக்சோலிட்டினிப். முடக்குவாதத்துக்கும் கரப்பானுக்கும் கொடுப்பது இதே மருந்துக் குடும்பத்தைத்தான். நோய்கள் உறவினர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இந்த மருந்து காவல் படையின் கையைக் கட்டுகிறது. நம் நாட்டில் அதற்குத் தனி எச்சரிக்கை உண்டு. உடம்பில் உறங்கிக்கிடக்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை, மஞ்சள்காமாலை பி பரிசோதனை, ரத்த அணு, கொழுப்பு எல்லாம் பார்த்த பிறகே தொடங்க வேண்டும். ரத்தக்கட்டு, இதயநோய் அபாயமும் சிலருக்கு உண்டு. மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடி கொட்டும். நண்பர் சாப்பிட்டார் என்று மருந்துக்கடையில் நேராக வாங்கிச் சாப்பிடுகிற சரக்கல்ல இது.

*

குலதெய்வத்துக்கு முடி இறக்கிய தலையை ஊரே வாழ்த்துகிறது. தானாக முடி விழுந்த தலையை அதே ஊர் ஓரக்கண்ணால் பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் பையனுக்குப் பட்டப்பெயர் வைக்கிறார்கள். பூ வைக்க இடமில்லாமல் போன பெண் கல்யாண வீட்டுக்குப் போவதை நிறுத்திவிடுகிறாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைக்க வீடே கூடிப் பாடுபடுகிறது. ஒட்டுவதாகப் பயந்து சீப்பைத் தனியே வைக்கிறார்கள். புழுவெட்டு ஒட்டாது. ஒரே சீப்பு, ஒரே தலையணை, ஒரே துண்டு எதனாலும் பரவாது. முடி போனதைவிட இந்த ஒதுக்கலே அதிகம் வதைக்கிறது. இதற்கு மருந்து நம் கையில் இருக்கிறது.

*

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் யாருக்காவது வட்டம் விழுந்தால், ஒரு தாளில் இரண்டு பக்கத்து உறவுகளையும் எழுதுங்கள். யாருக்குத் தைராய்டு, யாருக்கு வெண்புள்ளி, யாருக்கு இளைப்பு, கரப்பான், மூட்டுவாதம், சின்ன வயதுச் சர்க்கரை, காரணம் தெரியாமல் விட்டு விட்டு வந்த காய்ச்சல். தாத்தா பாட்டி சொந்தக்காரர்களா என்பதையும் எழுதுங்கள். அந்தத் தாளோடு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, உங்களுக்கு எட்டுகிற தோல் மருத்துவரிடமோ போங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். தைராய்டு பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். யார் வழியாக வந்தது என்று வீட்டில் யாரையும் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். அந்தத் தாள் வைத்தியத்துக்கு உதவத்தான், வழக்குக்கு அல்ல.